கண்ணாடி இழைக் குழாயில் ஒளியிழை பதித்துக் கண்காணிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பினாங்கில், பிறைப் பக்கம் ஒரு சிறிய பட்டறையில் கூட்டுப்பொருள் குழாய்களில் ஒளியிழை பதிக்கும் வேலை செய்கிறேன். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ஒளியிழை, அதாவது ஃபைபர், கைக்கு வந்ததும் ஒட்டத் தொடங்கிவிடுகிறார்கள். எந்த அலைநீளம், எந்தப் பக்கம், வால் (குழாய்க்கு வெளியே நீளும் ஃபைபர் முனை) எங்கே வெளியே வரும் என்பதெல்லாம் பிறகுதான் நினைவுக்கு வருகிறது. ஒட்டிய ஃபைபரைப் பிரித்தெடுக்க முடியாது. அதனால் இந்த வேலையில் வரிசைதான் முக்கியம்.

இங்கே எடுத்துக்கொள்ளும் குழாய் கண்ணாடி இழையும் எப்பாக்சியும் சேர்ந்தது. வெளிவிட்டம் 60 மில்லிமீட்டர், உள்விட்டம் 54, நீளம் ஒன்றரை மீட்டர். கார்பன் குழாய்க்கும் வரிசை இதேதான், எண்கள் மட்டும் மாறும். உணரியாகப் பயன்படுத்துவது ஃபைபர் பிராக் கிரேட்டிங்.

கிரேட்டிங் என்பது ஃபைபரின் உட்கருவில் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சீரான இடைவெளியில் எழுதப்பட்ட ஒளிவிலகல் கோடுகள். உள்ளே வரும் ஒளியில் ஒரே ஓர் அலைநீளத்தை மட்டும் அது திருப்பி அனுப்பும். ஃபைபரை இழுத்தால் கோடுகளின் இடைவெளி கூடும், திரும்பி வரும் அலைநீளமும் கூடும். 1550 நானோமீட்டர் பக்கத்தில் ஒரு மைக்ரோஸ்ட்ரெயினுக்கு (நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாற்றம்) 1.2 பிகோமீட்டர், ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 10 பிகோமீட்டர் நகரும். இந்த இரண்டு எண்களையும் மேசைக்கு எதிரே சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள். கீழே வரும் கணக்கெல்லாம் இவற்றிலிருந்துதான்.

1. குழாயிடம் என்ன கேட்கப்போகிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள்

வளைவா, நீளவாக்கு இழுவையா, முறுக்கா, உள்ளழுத்தமா? ஒவ்வொன்றுக்கும் ஃபைபர் போகும் பாதை வேறு.

வளைவுக்கு மூன்று ஃபைபர்கள், குழாயின் நீளத்துக்கு இணையாக, 120 டிகிரி இடைவெளியில் போதும். முறுக்கைப் பார்க்க வேண்டுமானால் 45 டிகிரி சாய்வில் ஒன்று வேண்டும். நேராக ஓடும் ஃபைபருக்கு முறுக்கு கிட்டத்தட்டத் தெரியாது. உள்ளழுத்தத்துக்குக் குழாயைச் சுற்றி ஓடும் ஃபைபர் வேண்டும். 60 மில்லிமீட்டர் குழாயைச் சுற்றினால் வளைவு ஆரம் 30 மில்லிமீட்டர். சாதாரண ஜி.652 ஃபைபரின் எல்லையே அதுதான், ஆகவே அங்கே வளைவைத் தாங்கும் ஜி.657 வகையை வாங்குங்கள்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கிரேட்டிங் தான் இருக்கும் இடத்தைத்தான் பார்க்கும். இரண்டு கையகலம் தள்ளி அடுக்குப் பிரிவு ஏற்பட்டால், அது கிரேட்டிங் இருக்கும் இடத்தின் இழுவையை மாற்றினால் ஒழிய உங்களுக்குத் தெரியவராது. ஆகவே குழாய் எங்கே உடையும் என்று ஒரு கணிப்பு இல்லாமல் கிரேட்டிங்கின் இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பிடிமானத்துக்கு அருகில், துளை போட்ட இடத்துக்கு அருகில், அடிபடக்கூடிய பக்கத்தில் வையுங்கள். நீளம் முழுவதும் தெரிய வேண்டுமானால் அது, ஃபைபர் நெடுகச் சிதறித் திரும்பும் ஒளியை அளக்கும் பிரில்லுவான் அல்லது ரேலே சிதறல் முறையின் வேலை. அதற்குக் கருவியும் வேறு, செலவும் வேறு.

2. தொடங்குமுன் மேசையில் இருக்க வேண்டியவை

பாலிஇமைடு பூச்சுள்ள கிரேட்டிங் ஃபைபர். இதில் சிக்கனம் வேண்டாம். தொலைத்தொடர்பு ஃபைபரின் அக்ரிலேட் பூச்சு மென்மையானது. குழாய் நீளும்போது பூச்சு நெகிழ்ந்து கொடுத்துவிடும், உள்ளே இருக்கும் கண்ணாடிக்கு முழு இழுவையும் போய்ச் சேராது. சூடும் அதற்கு ஆகாது: அக்ரிலேட் ஏறக்குறைய 85 டிகிரி வரைதான், பாலிஇமைடு 300 டிகிரி வரை தாங்கும்.

இன்டராகேட்டர் வேண்டும், அதாவது திரும்பி வரும் அலைநீளத்தை அளக்கும் கருவி. இதை வாங்க முடியாதவர்கள் இரவல் பெறலாம், ஆனால் பதிக்கும் நாள், வேகவைக்கும் (சூடேற்றிப் பிசினை இறுகவைக்கும்) நாள், சோதிக்கும் நாள் மூன்றிலும் அது உங்கள் கையில் இருக்க வேண்டும். கடைசி நாளுக்கு மட்டும் இரவல் வாங்கிப் பயனில்லை.

இவற்றோடு ஸ்ப்ளைஸ் கருவி (இரண்டு ஃபைபர் முனைகளை உருக்கி இணைப்பது), ஃபைபரை வெட்ட நல்ல கிளீவர், 99 விழுக்காடு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பஞ்சு உதிராத துடைப்புத் தாள், பச்சை நிற சாய்முனை கனெக்டர்கள், 0.9 மில்லிமீட்டர் டெஃப்ளான் குழல், வெப்பமானி, ஈரப்பதமானி, ஒரு சிவப்பு லேசர் பேனா. வெட்டிய ஃபைபர் துணுக்குகளுக்கு மூடியுள்ள டப்பா ஒன்றும் வேண்டும். 125 மைக்ரோமீட்டர் கண்ணாடித் துணுக்கு விரலில் ஏறினால் கண்ணுக்கும் தெரியாது, லேசில் வெளியேயும் வராது. சாப்பாட்டுப் பொட்டலத்தை அந்த மேசைப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

வீடுகளுக்கு இணைய ஃபைபர் இணைத்துப் பழகியவர்கள் இந்த வேலைக்கு வரும்போது ஸ்ப்ளைஸ் கைவந்த கலையாக இருக்கும். ஆனால் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே கவலை ஒளி எவ்வளவு குறைந்தது என்பது. இங்கே அதைவிடப் பெரிய கவலை வேண்டாத இடத்திலிருந்து ஒளி திரும்பி வருவது. நேராக வெட்டிய முனை சிறு கண்ணாடி போல ஒளியைத் திருப்பும், கிரேட்டிங்கின் உச்சி, அதாவது அது திருப்பி அனுப்பும் அலைநீளத்தில் கருவி காட்டும் மேடு, அதில் மங்கிவிடும். அதனால்தான் பச்சைக் கனெக்டர். அதன் முனை 8 டிகிரி சாய்ந்திருக்கும், திரும்பும் ஒளி பக்கவாட்டில் வெளியேறிவிடும். பச்சையைச் சாய்வில்லாத நீலக் கனெக்டரோடு சொருகினால் இரண்டு முனையும் கெடும்.

3. அலைநீளக் கணக்கு

ஃபைபர் வாங்க ஆர்டர் கொடுக்குமுன் செய்ய வேண்டியது இது. ஒரே ஃபைபரில் பல கிரேட்டிங்குகள் இருக்கும்போது, கருவி அவற்றை அலைநீளத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. இரண்டு உச்சிகள் ஒன்றையொன்று கடந்துவிட்டால் இரண்டாவதன் கணக்கு மூன்றாவதன் பேரில் ஏறிவிடும். கருவி எந்த எச்சரிக்கையும் தராது.

நம் குழாயை எடுத்துக்கொள்வோம். வளைவில் கூட்டலும் கழித்தலுமாக 1500 மைக்ரோஸ்ட்ரெயின் வரும் என்று வைத்தால் இரு பக்கமும் 1.8 நானோமீட்டர். வெயிலில் நிற்கும் குழாய் 25 டிகிரியிலிருந்து 60 வரை சூடேறலாம். 35 டிகிரி வித்தியாசம்.

இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். டிகிரிக்கு 10 பிகோமீட்டர் என்பது சும்மா தொங்கும் ஃபைபருக்கு. குழாயில் ஒட்டிய ஃபைபரைக் குழாயின் விரிவும் சேர்த்து இழுக்கும். நீளவாக்கில் குழாய் டிகிரிக்கு 12 மைக்ரோஸ்ட்ரெயின் விரிந்தால், ஒளியிழைக் கண்ணாடியின் சொந்த விரிவான 0.55 போக மீதி ஏறக்குறைய 11.5. அதை 1.2ஆல் பெருக்கினால் 14. ஆக மொத்தம் டிகிரிக்கு 24 பிகோமீட்டர். 35 டிகிரிக்கு 0.84 நானோமீட்டர்.

வேகவைத்து ஆறும்போது குழாய் சுருங்குவதால் உச்சி இன்னும் ஒரு 0.3 நானோமீட்டர் கீழே இறங்கும் என்று வையுங்கள். மேலே 2.64, கீழே 2.1, மொத்தம் 4.7 நானோமீட்டர். உச்சியின் அகலத்துக்கும் கொஞ்சம் இடம் விட்டால் கிரேட்டிங்குகளுக்கு இடையே 6 நானோமீட்டர் வேண்டும். 1525 முதல் 1565 வரை பார்க்கும் கருவியில் 1530, 1536 என்று தொடங்கி 1560 வரை ஆறு வைக்கலாம். ஏழாவதை நெருக்கிச் சொருகாதீர்கள்.

கருவியில் ஃபைபர் சொருகும் வாய்கள் மூன்று இருந்தால், ஒரு கோட்டுக்கு ஒரு ஃபைபர் என்று தனித்தனியாக வைப்பது நல்லது. ஒன்று அறுந்தால் ஒரு கோடுதான் போகும். எந்த ஏற்பாடாக இருந்தாலும் ஃபைபரின் இரண்டு முனைகளையும் வெளியே கொண்டுவாருங்கள். நடுவில் அறுந்தால் உடைப்புக்கு முந்திய கிரேட்டிங்குகளை ஒரு முனையிலிருந்தும் பிந்தியவற்றை மறுமுனையிலிருந்தும் படிக்கலாம்.

4. ஃபைபரைச் சோதித்துத் தயார் செய்தல்

வந்த பெட்டியைப் பிரித்ததும் ஒவ்வொரு கிரேட்டிங்கின் நிறமாலையையும் சேமித்துக்கொள்ளுங்கள். உச்சியின் எண் மட்டும் போதாது, முழு வடிவமும் வேண்டும். பின்னால் உச்சி பிளந்தால் அது வாங்கும்போதே அப்படித்தான் இருந்ததா என்ற கேள்வி வரும்.

உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: ஃபைபரைச் செங்குத்தாகப் பிடித்து 30 கிராம் எடை தொங்கவிடுங்கள். மீன்பிடிச் சாமான் கடையில் விற்கும் ஈயக்குண்டு போதும், தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். 125 மைக்ரோமீட்டர் கண்ணாடியில் 30 கிராம் ஏறக்குறைய 340 மைக்ரோஸ்ட்ரெயின் தரும், உச்சி 0.4 நானோமீட்டர் மேலே போக வேண்டும். எடையை எடுத்ததும் பழைய இடத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் முனையைப் பிடித்திருக்கும் டேப் வழுக்குகிறது என்று அர்த்தம்.

கிரேட்டிங் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. விற்றவர் போட்ட குறியை அப்படியே நம்பாதீர்கள். கருவியில் உச்சியைப் பார்த்துக்கொண்டே, சூடான இரும்புக் கம்பி ஒன்றை ஃபைபரைத் தொடாமல் பக்கத்தில் நகர்த்துங்கள். உச்சி எங்கே துள்ளுகிறதோ அங்கே கிரேட்டிங். இரு பக்கமும் 30 மில்லிமீட்டர் தள்ளி மெல்லிய பேனாவால் குறியிடுங்கள்.

ஸ்ப்ளைஸ் வேலையை ஒட்டுமுன்பே முடித்துவிடுங்கள். வெட்டுக்கோணம் 1 டிகிரிக்குள், இழப்பு 0.05 டெசிபெல்லுக்குள் இருக்கட்டும். இரும்புக் கம்பி உள்ள ஸ்ப்ளைஸ் உறையைக் குழாயின் உடம்பில் வைக்கக் கூடாது, அது வெளியே பெட்டிக்குள் இருக்க வேண்டியது. பூச்சு உரித்த கண்ணாடியை வெறுமனே விடவும் கூடாது. நம் ஊர்க் காற்றின் ஈரம் நுண்விரிசல்களை மெல்ல வளர்க்கும், இன்றைக்குத் தாங்கிய ஃபைபர் அடுத்த மாதம் தானாகவே அறும்.

5. குழாயில் கோடு போடுதல்

ஒரு காகிதப் பட்டையைக் குழாயைச் சுற்றி, ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தில் வெட்டி, விரித்து, மூன்றாக மடியுங்கள். 60 மில்லிமீட்டர் குழாய்க்குச் சுற்றளவு 188.5, ஒரு பங்கு 62.8 மில்லிமீட்டர். இரண்டு முனையிலும் இதைச் செய்து நூல் பிடித்துக் கோடு போடுங்கள்.

கோடு சாய்ந்தால் எவ்வளவு தவறு வரும்? 10 டிகிரி சாய்ந்தால் ஏறக்குறைய 4 விழுக்காடு குறைவாகக் காட்டும். 2 டிகிரி சாய்வு பெரிய விஷயமில்லை. ஆனால் மூன்றில் ஒன்று மட்டும் சாய்ந்திருந்தால் வளைவின் திசையே தவறாக வரும். எனவே மூன்றையும் ஒரே ஆள், ஒரே நாளில் போடட்டும்.

கோடுகளுக்குப் பெயர் வைத்து, குழாயின் எந்த முனையிலிருந்து பார்த்து வரிசை சொன்னீர்கள் என்பதையும் குழாயின் மேலேயே எழுதுங்கள். புத்தகத்தில் மட்டும் எழுதினால் குழாய் ஒரு முறை புரண்டதும் குழப்பம்தான்.

6. பதிப்பதா, மேலே ஒட்டுவதா

முதல் மூன்று குழாய்களுக்கு மேலே ஒட்டுங்கள். கை பழகியபின் பதியுங்கள். மேலே ஒட்டியதில் தவறு நடந்தால் பக்கத்தில் இன்னொன்று ஒட்டலாம், உள்ளே பதித்ததில் அந்த வாய்ப்பே இல்லை.

மேலே ஒட்டுவதற்கு: 240ஆம் எண் உப்புத்தாளால் பளபளப்பு மட்டும் போகத் தேயுங்கள், இழை தெரியும்வரை போகக் கூடாது. பிறகு ஆல்கஹாலால் துடையுங்கள். எப்பாக்சிக் குழாயின் மேல் மெழுகு போல ஒரு படலம் இருந்தால், அது எப்பாக்சியில் கலந்த ஹார்டனர் ஈரக்காற்றில் மேலே கசிந்து வந்தது. ஆல்கஹால் அதைச் சரியாக எடுக்காது. முதலில் வெதுவெதுப்பான நீரால் கழுவி, காயவிட்டு, அப்புறம் தேயுங்கள். தேய்த்துவிட்டுக் கழுவினால் படலம் கீறல்களுக்குள் அடைந்துகொள்ளும். மழை பெய்துகொண்டிருக்கும் பிற்பகலில் ஒட்டும் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். ஈரப்பதமானி 70ஐத் தாண்டினால் குளிரூட்டிய அறைக்குக் குழாயைக் கொண்டுபோய், குழாயும் அறையும் ஒரே சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள்.

அந்த 30 கிராம் எடையை இங்கே மீண்டும் பயன்படுத்துங்கள். ஃபைபரைக் கோட்டின் மேல் நீட்டி, ஒரு முனையை டேப்பால் பிடித்து, மறுமுனையில் எடையைத் தொங்கவிட்டால் ஃபைபர் நேராக நிற்கும். கிரேட்டிங்கும் இரு பக்கமும் குறைந்தது 15 மில்லிமீட்டரும் மூடும்படி மெல்லிய எப்பாக்சிப் பூச்சு கொடுங்கள். பிசின் தடித்தால் அதுவே ஒரு மெத்தை ஆகிவிடும். இறுகும்வரை எடையை எடுக்க வேண்டாம்.

உள்ளே பதிப்பதற்கு: ஒளியிழை எப்போதும் நீளவாக்கில் ஓடும் கண்ணாடி இழைகளுக்கு இணையாக, அப்படிப்பட்ட இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். கண்ணாடி இழை ஒன்றின் தடிப்பு 10 முதல் 20 மைக்ரோமீட்டர். ஒளியிழையோ பூச்சோடு 150. குறுக்காக ஓடும் இழைகளுக்கு நடுவில் வைத்தால் அவை அதன்மேல் பாலம் போல எழும்பி நிற்கும், இரு பக்கமும் கண் வடிவத்தில் வெறும் பிசின் தேங்கும். விரிசல் தொடங்க அதைவிட வசதியான இடம் கிடையாது. நலத்தைப் பார்க்க வைத்த ஃபைபரே நோயின் தொடக்கமாகிவிடும். பக்கவாட்டு அழுத்தமும் ஒரு பக்கமாக விழுவதால் உச்சி இரண்டாகப் பிளக்கும்.

7. வால் வெளியே வரும் இடம்

ஃபைபர் அறுவதை நான் அதிகம் பார்த்தது இந்த இடத்தில்தான். என் முதல் பதித்த குழாயில் மூன்று ஃபைபரையும் குழாயின் விளிம்பு வழியே நேராக வெளியே எடுத்தேன். வேகவைத்து முடிந்ததும் மூன்றும் அழகாகப் படித்தன. மறுநாள் விளிம்பைச் சீராக வெட்டியபோது இரண்டு போயிற்று. மூன்றாவது, மாண்ட்ரலை (குழாயை உருவாக்க உள்ளே வைத்த அச்சு உருளையை) உருவும்போது விளிம்போடு ஒட்ட முறிந்தது. உள்ளே கிரேட்டிங்குகள் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் ஸ்ப்ளைஸ் செய்ய ஒரு மில்லிமீட்டர் கூட வெளியே இல்லை. ஒரு வார வேலை.

அதன்பின் விளிம்பு வழியாக எடுப்பதே இல்லை. வெட்டும் கோட்டிலிருந்து 80 மில்லிமீட்டராவது உள்ளே தள்ளி, கடைசி அடுக்கின் வழியே மேல்பரப்புக்குச் சாய்வாக எடுங்கள். வெளியேறும் இடத்தில் டெஃப்ளான் குழலை 20 மில்லிமீட்டர் பிசினுக்குள்ளும் மீதி வெளியிலுமாக வையுங்கள். இறுகிய பிசினின் விளிம்பு கத்தி போல இருக்கும், வெறும் ஃபைபர் அதன்மேல் ஒரு முறை மடிந்தால் போதும். குழலின் வாயில் ஒரு பொட்டு சிலிக்கோன் வையுங்கள். இல்லையென்றால் பிசின் குழலுக்குள் ஏறி, வெளிமுனையில் இறுகி, கத்தி விளிம்பை அங்கே கொண்டுபோய் வைத்துவிடும்.

வெளியே வந்த வாலை ஒரு மீட்டர் நீளத்துக்குக் குறையாமல் வைத்து, பெரிய வளையமாகச் சுருட்டி, குழாயோடு டேப் போட்டுக் கட்டுங்கள். யாராவது வாலைப் பிடித்துக் குழாயைத் தூக்கப் பார்ப்பார்கள். எழுதி ஒட்டுங்கள்.

8. வேகவைத்தலும் மாண்ட்ரல் உருவுதலும்

இரண்டின்போதும் கருவி இணைந்தே இருக்கட்டும். 28 டிகிரியிலிருந்து 80க்கு ஏற்றும்போது, பிசின் இன்னும் திரவமாக இருக்கையில், உச்சி ஏறக்குறைய அரை நானோமீட்டர் மேலே போகும். பிசின் இறுகத் தொடங்கியதும் கோட்டின் சாய்வு மாறும். அந்த நேரத்தைக் குறித்துவையுங்கள், ஃபைபர் குழாயோடு சேர்ந்தது அப்போதுதான்.

ஆறி அதே 28 டிகிரிக்கு வந்தபின் உச்சி பழைய இடத்துக்கு வராது. 0.3 நானோமீட்டர் கீழே நின்றால் 250 மைக்ரோஸ்ட்ரெயின் சுருக்கம் உள்ளே உறைந்திருக்கிறது. இது பழுதில்லை, பதிந்ததற்கு அடையாளம். மாறாக உச்சி துளியும் நகராமல் பழைய எண்ணிலேயே நின்றால் சந்தேகப்படுங்கள். ஃபைபர் பிசினோடு ஒட்டாமல் சும்மா கிடக்கலாம்.

மாண்ட்ரலை இழுக்கும்போது உச்சி மீண்டும் துள்ளும். இழுத்தபின் ஒரு மணி நேரம் விட்டு, நிறமாலையை மறுபடி முழுதாகச் சேமியுங்கள். வாங்கியபோது, வேகவைத்தபின், உருவியபின் என்று இந்த மூன்று நிறமாலைகளும் கையில் இருந்தால், பின்னாளில் வரும் சந்தேகங்களில் பாதியைத் தீர்த்துவிடலாம்.

9. சுமையே இல்லாமல் ஓர் இரவு

இந்தப் படியைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி ஒரு நாள் பிற்பகல் பதற்றத்தோடு ஓடிவந்தான். "அண்ணே, குழாய் தானாவே நீளுது. மூணு கோடும் மேலே போய்க்கிட்டே இருக்கு." குழாய் இரண்டு தாங்கிகளின் மேல் சும்மா கிடந்தது. மேலே துத்தநாகக் கூரை, மணி மூன்று. கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். குழாய் சூடாக இருந்தது. விடியற்காலை 25 டிகிரி, பிற்பகல் 32. 7 டிகிரியை 24ஆல் பெருக்கினால் 168 பிகோமீட்டர், அதாவது 140 மைக்ரோஸ்ட்ரெயின் இழுவை போலவே தோன்றும்.

"அப்போ தளர்வா ஒரு கிரேட்டிங் வச்சுக் கழிச்சிடலாமே, அண்ணே" என்றான். சரிதான், ஆனால் பாதிதான். குழலுக்குள் தளர்வாகக் கிடக்கும் கிரேட்டிங் 10 பிகோமீட்டர் பங்கைத்தான் கழிக்கும். குழாய் விரிவதால் வரும் 14 அப்படியே நிற்கும்.

அதனால் சுமையே இல்லாமல், மாலை 6 மணியிலிருந்து காலை 7 வரை, நிமிடத்துக்கு ஒரு பதிவு எடுங்கள். இரவில் எடுப்பதற்குக் காரணம் உண்டு. பகலில் ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டால் குழாய் உண்மையிலேயே வளையும், அது சூட்டின் நேர்க்கணக்கோடு கலந்துவிடும். ஒவ்வொரு கிரேட்டிங்குக்கும் சூட்டுக்கு எதிராக அலைநீளத்தை வரைந்து சாய்வை எடுங்கள். என் 24 உங்கள் குழாய்க்குப் பொருந்தாது. இழைகளின் கோணம் மாறினால் அதுவும் மாறும். கார்பன் குழாயில் நீளவாக்கு விரிவு பூச்சியத்தை ஒட்டியே இருக்கும், அங்கே 10 பக்கமே வரும்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. வளைவை மட்டும் பார்ப்பவர்களுக்குச் சூட்டுத் தொல்லை பெரும்பாலும் தானாகவே போய்விடும். மூன்று கோடுகளின் சராசரியை ஒவ்வொன்றிலிருந்தும் கழித்தால் மூன்றுக்கும் பொதுவான நகர்வு மறைந்து வளைவு மட்டும் மிஞ்சும். அந்தச் சராசரிதான் நீளவாக்கு இழுவை. திருத்தம் தேவைப்படுவது அதற்குத்தான்.

10. தெரிந்த சுமை

குழாயின் ஒரு முனையைப் பிடிப்பானில் இறுக்கி, கிரேட்டிங்கிலிருந்து 800 மில்லிமீட்டர் தள்ளி ஓர் எடையைத் தொங்கவிடுங்கள். நாங்கள் தொங்கவிடுவது 10 கிலோ அரிசி மூட்டை. உறை, கயிறு எல்லாம் சேர்த்துத் தராசில் நிறுத்து, உண்மையான எடையை எழுதிக்கொள்வோம்.

கணக்கு: 10 கிலோ என்றால் 98.1 நியூட்டன், கிரேட்டிங் இருக்கும் இடத்தில் திருப்புவிசை 78,480 நியூட்டன் மில்லிமீட்டர். நம் குழாயின் குறுக்குவெட்டுக்கு நிலைமத் திருப்பம் ஏறக்குறைய 2,18,800 (மில்லிமீட்டரின் நான்காம் அடுக்கில்). மேல்பரப்பில் அழுத்தம் 10.8 மெகாபாஸ்கல். நீளவாக்கு யங் எண் (பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்) 20 கிகாபாஸ்கல் என்றால் 538 மைக்ரோஸ்ட்ரெயின், அலைநீளத்தில் 0.65 நானோமீட்டர்.

ஒரு கோடு நேர் மேலே இருந்தால் அது கூட்டலில் 538, மற்ற இரண்டும் கழித்தலில் 269 காட்ட வேண்டும். மூன்றையும் கூட்டினால் பூச்சியம். மேல் கோடு சரியாக வந்து கூட்டுத்தொகை பூச்சியம் வராவிட்டால் கோடுகளின் கோணத்தைச் சரிபாருங்கள். மூன்றும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் நீங்கள் எடுத்துக்கொண்ட யங் எண் தவறு. ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அதன் ஒட்டு சரியில்லை.

பூச்சியம், 5, 10, மீண்டும் 5, பூச்சியம் என்று ஏற்றி இறக்குங்கள். இறக்கியபின் மூன்றும் ஒரே அளவு விலகி நின்றால் இடையில் சூடு மாறியிருக்கிறது. ஒன்று மட்டும் விலகினால் ஒட்டு வழுக்குகிறது. பிறகு குழாயை 120 டிகிரி திருப்பி முழுவதையும் மறுபடி செய்யுங்கள். சலிப்பாக இருக்கும், ஆனாலும் செய்யுங்கள். கோடுகளின் பெயர் மாறிப்போயிருந்தால் இங்கேதான் பிடிபடும். குழாயை ஏற்றி அனுப்பியபின் பிடிபடாது.

11. வேலையில் இறங்கியபின்

மெதுவாக மாறும் சுமைக்கு நொடிக்கு ஒரு பதிவு போதும். அதிர்வையும் அடியையும் பிடிக்க நொடிக்கு 1000 வேண்டும். எச்சரிக்கை எல்லையை முதல் நாளே வைக்காதீர்கள். இரண்டு வாரம் ஓடவிட்டு, வழக்கமான ஏற்ற இறக்கத்தைப் பார்த்துவிட்டு வையுங்கள். முதல் நாளே வைத்த எல்லை தினமும் கத்தும், ஒரு வாரத்தில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பழுதின் அறிகுறிகளில் நான் அதிகம் நம்புவது, அதே சுமைக்கு விடை மாறுவதை. மாதம் ஒரு முறை அந்த அரிசி மூட்டையைத் தொங்கவிட முடிந்தால் அதைவிட நல்ல சோதனை இல்லை. 538 காட்டிய இடம் 600 காட்டினால் அங்கே ஏதோ தளர்ந்திருக்கிறது. சுமையை எடுத்தபின்னும் மிச்சம் நிற்பது அடுத்த அறிகுறி. மூன்றாவது, உச்சியின் வடிவம்: அகன்றாலோ இரண்டாகப் பிளந்தாலோ கிரேட்டிங்கின் 10 மில்லிமீட்டருக்குள்ளேயே இழுவை சீராக இல்லை, பக்கத்தில் விரிசலோ அடுக்குப் பிரிவோ இருக்கலாம். பிளந்த உச்சியில் கருவி ஒரு நொடி இதையும் மறுநொடி அதையும் பிடித்து எண்ணைத் தாவச் செய்யும். எண்ணை மட்டும் சேமித்தவர்கள் அதைக் கருவிக் கோளாறு என்று ஒதுக்கிவிடுவார்கள். நாளுக்கு ஒரு முழு நிறமாலையாவது சேமிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

உச்சியே காணாமல் போனால் குழாயைச் சந்தேகிக்குமுன் கனெக்டரைத் துடையுங்கள். பெரும்பாலும் அழுக்குதான். பிறகு வால் எங்காவது மடிந்திருக்கிறதா என்று பாருங்கள், அடுத்து ஸ்ப்ளைஸ் பெட்டி. அதன்பின் மறுமுனையிலிருந்து படித்துப் பாருங்கள். எதிலும் வராவிட்டால் பட்டறை விளக்குகளை அணைத்துவிட்டு, கருவியைக் கழற்றிய முனையில் சிவப்பு லேசர் பேனாவைச் சொருகுங்கள். கார்பன் குழாயில் ஒன்றும் தெரியாது. கண்ணாடி இழைக் குழாய் அரைகுறையாக ஒளி கடத்தும். உடைந்த இடத்தில் வெளிச்சம் கசிந்து, குழாயின் சுவர் வழியே குங்குமப் பொட்டு போல ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். பேனாவால் அதைச் சுற்றி வட்டம் போட்டு, விளிம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, தேதியோடு குழாயின் மேலேயே எழுதுங்கள்.